புதிய கணினியில் மின்னஞ்சல்: சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

முன்னாளில் தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேர்ந்தன. கிராணியார் அவற்றைப் பிரித்து வைத்து, காலைப் பெரட்டின் போதோ சம்பள நாளிலோ உரியவரிடம் கொடுப்பார். கடிதம் தாமதமானால் நல்ல செய்தியும் தாமதமாகும். தவறிப்போனால் வாய்ப்பே தவறிப்போகும்.

இன்று முக்கியமான கடிதங்கள் பல மின்னஞ்சலில் வருகின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பம் செய்யும் மாணவரானாலும், வேலை தேடும் இளைஞரானாலும், ஊழியர் சேமநிதிக் கணக்கை இணையத்தில் பார்க்க விரும்பும் தொழிலாளரானாலும், தமக்கென மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்திருத்தல் அவசியமாகிவிட்டது. அக்கடிதப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும்.

அண்மையில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். எஸ்.பி.எம். தேர்வை முடித்த மகளுக்குப் பட்டணத்துக் கடையொன்றில் மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுத்திருந்தனர். கணக்கைச் சரிபார்க்கக் கடைக்காரர் தம்முடைய கைப்பேசி எண்ணையே பதிந்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின் தந்தையார் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் மடிக்கணினி ஒன்றும் டேப்லட் ஒன்றும் வாங்கினார். புதிய கருவியில் கணக்கைத் திறக்க முயன்றபோது, சரிபார்ப்பு எண் கடைக்காரரின் கைப்பேசிக்குச் சென்றது. கடையோ மூடப்பட்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, தேதியும் கடந்துவிட்டது. அம்மாணவி மறு ஆண்டில்தான் மீண்டும் விண்ணப்பிக்க முடிந்தது. கருவிகளில் எக்குறையும் இல்லை. சாவி பிறர் கையில் இருந்ததே குறையாகும்.

ஒரு பெட்டி, இரண்டு வாசல்

கருவிகள் இரண்டு இருப்பதால் முகவரியும் இரண்டு வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. அஞ்சல்கள் மடிக்கணினிக்குள்ளோ டேப்லட்டுக்குள்ளோ மட்டும் தங்குவதில்லை. அவை சேவை நிறுவனத்தின் பெரிய கணினிகளில் சேமித்து வைக்கப்படுகின்றன. நம் கருவிகள் அப்பெட்டியைத் திறந்து பார்க்கும் வாசல்கள் மட்டுமே. மடிக்கணினியில் படித்த கடிதம் டேப்லட்டிலும் படித்ததாகவே காட்டும். ஒன்றில் அழித்தால் மற்றொன்றிலும் அது மறைந்துவிடும். 'ஐமேப்' என்னும் முறை இவ்வாறு இயங்குகிறது. 'பாப்' என்னும் பழைய முறை வேறு வகையானது. அது கடிதங்களைக் கருவிக்குள் இறக்கிக்கொண்டு, நிறுவனத்தின் கணினியிலிருந்து நீக்கிவிடவும் கூடும். இரண்டு கருவிகள் வைத்திருப்போர் இப்பழைய முறையைத் தேர்ந்தெடுக்காதிருத்தல் நலம்.

முகவரியைத் தேர்ந்தெடுத்தல்

முகவரியின் நடுவே வரும் '@' என்னும் குறியை, 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். குறிக்கு முன்னுள்ளது ஆளின் பெயர். பின்னுள்ளது சேவை நிறுவனத்தின் பெயர். விளையாட்டுப் பெயர்களைத் தவிர்த்து, தம் சொந்தப் பெயரை ஒட்டியே முகவரியை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். நாளை வேலை கொடுப்பவர் முதலில் காண்பது அதுவே. பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கும் டெலிமா கணக்குப் பாடங்களுக்கு உரியது. பள்ளியை விட்ட பின்னரும் அது நிலைக்கும் என்று நம்பியிருக்கலாகாது.

முதலில் டேப்லட், அடுத்து மடிக்கணினி

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லட்டை முதன்முறை இயக்கும்போதே அது கூகுள் கணக்கைக் கேட்கும். ஏற்கெனவே ஜிமெயில் முகவரி உள்ளவர்கள் புதிய கணக்குத் திறக்காமல், அம்முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழைய வேண்டும். இல்லாதவர்கள் அப்பொழுதே புதிதாகத் திறந்துகொள்ளலாம். கைப்பேசி எண் கேட்கப்பட்டால் உங்கள் எண்ணையோ பெற்றோரின் எண்ணையோ மட்டுமே கொடுங்கள். நம் நாட்டில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் மேற்பார்வையுடன்தான் கூகுள் கணக்குத் திறக்க முடியும். பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்துத் திறப்பது கூடாது.

அடுத்து மடிக்கணினி. விண்டோஸ் 11 இயங்கும் புதிய மடிக்கணினி, தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கிறது. பலர் குழப்பமடையும் இடம் இதுதான். இதற்காக வேறொரு மின்னஞ்சல் முகவரி தேவையில்லை. உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொண்டே மைக்ரோசாஃப்ட் கணக்கை அமைத்துக்கொள்ளலாம். சரிபார்ப்பு எண் உங்கள் அஞ்சல் பெட்டிக்கு வரும். டேப்லட் முன்னரே தயாராக இருந்தால், அதனை அங்கே எளிதில் படித்துக்கொள்ளலாம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: இங்கே அமைக்கும் கடவுச்சொல் வேறு, மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறு. இரண்டையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

மடிக்கணினியில் அஞ்சல் பார்க்க இணைய உலாவியில் ஜிமெயில் பக்கத்தைத் திறந்தாலே போதும். கணினியோடு வரும் 'அவுட்லுக்' செயலியையும் பயன்படுத்தலாம். அதில் கணக்கைச் சேர்க்கும் பகுதியில் முகவரியைத் தட்டச்சு செய்தால், கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதி அளிக்க வேண்டும். விண்டோஸின் பழைய 'மெயில்' செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31இல் முடிவடைந்துவிட்டது. ஆகவே, பழைய கணினியில் அதனைப் பயன்படுத்தியவர்கள் புதியதில் அதைத் தேட வேண்டியதில்லை.

அமைத்து முடித்ததும் மடிக்கணினியிலிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். அது டேப்லட்டில் தெரிந்தால் இரு வாசல்களும் திறந்துவிட்டன என்று பொருள். 'ஸ்பாம்' எனப்படும் வேண்டாத அஞ்சல் பகுதியையும் அவ்வப்போது பார்த்து வருதல் நன்று. முக்கியமான கடிதமும் சில வேளைகளில் அங்கே சென்று தங்கிவிடும்.

சாவியைக் காத்தல்

கணக்கு மீட்புக்கெனத் தரும் கைப்பேசி எண் எப்போதும் உயிரோடிருக்க வேண்டும். முன்கட்டண எண்ணுக்கு நெடுநாள் பணம் நிரப்பாமல் விட்டால், அது செயலிழந்து, பின்னர் வேறொருவருக்குப் போய்விடக்கூடும். எண்ணை மாற்றினால் கணக்கிலும் அன்றே மாற்றிவிடுங்கள். கூகுளின் இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால் 10 மாற்றுக் குறியீடுகளைப் பெறலாம். கைப்பேசி தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு உள்ளே செல்லலாம். ஒவ்வொன்றும் ஒருமுறைக்கே பயன்படும். அவற்றைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், கணக்கை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் அவசியம்.

வங்கியின் பெயரிலோ அரசாங்கத்தின் பெயரிலோ கடிதம் வந்து, கடவுச்சொல்லையோ சரிபார்ப்பு எண்ணையோ கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்து வங்கிப் பணத்தை இழக்க நேர்ந்தால், சிறிதும் தாமதியாமல் 997 என்னும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

வீட்டில் எவருக்கும் இதில் பழக்கமில்லையெனில், அருகிலுள்ள 'நாடி' இணைய மையத்தில் உதவி கேட்கலாம். பிறர் நமக்கு வழிகாட்டலாம். ஆனால், கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது நம் விரலாகவும், பதியப்படுவது நம் எண்ணாகவும் இருத்தல் வேண்டும். பொதுக் கணினியில் திறந்திருந்தால் வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இன்று மாலை பிள்ளையை அருகில் அமர்த்தி, 'உன் கணக்கில் பதிந்திருப்பது யாருடைய எண்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த எண் உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்றால், இன்றே மாற்றிவிடுங்கள். நாளை வரவிருக்கும் நல்ல செய்தி, தாமதமின்றி உங்கள் வீடு வந்து சேரும்.