ஊத்தான் மெலிந்தாங் வழியாக தெலுக் இந்தான்

காலை ஆறரை மணி. கோல சிலாங்கூரில் இன்னும் விடியவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, "எழுந்துட்டீங்களா?" என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்று நான் சைக்கிள் விளக்கு எரிகிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானிலிருந்து பினாங்குவரை ஐந்து நாள் சைக்கிள் பயணம், பதினெட்டுப் பேர். இது இரண்டாம் நாள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மிதித்தால் தெலுக் இந்தான். அப்பா இன்றும் அதை தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார். 1982இல் பெயர் மாறியதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அந்த ஊருக்கு சைக்கிளில் போய்ப் படித்தவர். இப்போது முட்டிவலி, நீண்ட பயணம் முடியாது. "போற வழியில தோட்டத்து வாசலைக் காட்டுறேன்ப்பா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் பெரிய சாலையை விட்டு வாய்க்கால் ஓரத்துப் பாதையில் இறங்கினோம். காரில் செகிஞ்சான் போனவர்களுக்கு வயலும் மாம்பழக் கடையும் மீனும் நினைவிருக்கும். சைக்கிளில் போனால்தான் தண்ணீர் தெரிகிறது. பெர்ணாம் ஆற்றில் திருப்பிவிட்ட நீர், தெங்கி ஆற்றின் வழியாக இந்தப் பெரிய வாய்க்காலுக்கு வந்து, மதகு மதகாகப் பிரிந்து வயலுக்குள் போகிறது. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசை கட்டி நடந்துகொண்டிருந்தன. அச்சு அசல் எங்கள் குழு மாதிரி!

குழுவாக ஓட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறைகிறது. அதனால் முன்வரிசை மாறி மாறி வர வேண்டும். காலைக் குளிர்ச்சியில் உற்சாகம் தாங்காமல் நான் என் முறை முடிந்தும் முன்னாலேயே நின்றேன். அதற்கான பில் சுங்கை பெசாரில் வந்தது. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. உதவி வேன் பக்கத்திலேயே நின்றது. கதவும் திறந்திருந்தது. ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தம் நேராக தெலுக் இந்தான் ஹோட்டல்தான்.

எங்கள் குழுவின் கடைசி ஆள் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது அறுபத்தொன்று. நன்றாக ஓட்டத் தெரிந்தவரைத்தான் கடைசியில் விடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

"வேன்ல ஏறுறது தப்பில்லம்மா. ஆனா அரை மணி நேரம் எங்கூட வந்து பாரு. கியரை இறக்கு, காலை வேகமாச் சுத்து, அழுத்தாத. பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடு" என்றார்.

"சார், எல்லாரும் எனக்காகக் காத்திருப்பாங்களே?"

"காத்திருக்கட்டும். நெழல்லதானே நிப்பாங்க."

பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று இடப்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. சார் எனக்கு இடப்பக்கம், சற்று முன்னால் வந்துகொண்டார். சபாக் வரை நாங்கள் அதிகம் பேசவில்லை. வாய் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான், மூச்சுக்கு முன் அந்தத் திறமை செல்லுபடியாகவில்லை. பெர்ணாம் பாலத்தைக் கடந்தால் பேராக். மறுகரையில் எல்லோரும் இளநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்து வாசலுக்கு நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது. பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். தென்னை இல்லை, எங்கும் செம்பனை. லயன் வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. வீடியோ அழைப்பில் கோயிலைக் காட்டினேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "போனை அந்தப் பக்கம் திருப்பு. வாய்க்கா இருக்கா?" என்றார்.

இருந்தது. கலங்கிய தண்ணீர், மேலே ஒரு சிமெண்டுப் பலகை.

"அதுலதான் சைக்கிளோட விழுந்தேன். ஒரு சிலிப்பர் போச்சு. உங்க பாட்டி சிலிப்பருக்குத்தான் அழுதாங்க."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அப்பா, தெலுக் இந்தானுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கு. வைக்கிறேன்."

"பதினெட்டா? நாங்க ஒரு மணி நேரத்துல போயிடுவோம், பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்கு முன்னாடி."

எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சார் பின்னாலேயே வந்தார்.