சிற்பமாகிய விளக்கு

புத்தக அலுமாரியே விளக்காகவும், நாற்காலியே ஏணியாகவும் பயன்படும்படி தளபாடங்களை வகுத்தமைக்கும் கலைஞர் இன்று பல நாடுகளிலும் உளர். ஒரு பொருள் இரண்டு வேலைகளைச் செய்தால் அதனை நாம் மெச்சுகிறோம். ஆனால் அவ்விரண்டில் ஒன்று கலையாக இருந்துவிட்டால் வழக்குத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் எரியும் விளக்கும் இதுவே, சிற்பமும் இதுவே என்று ஒருவர் சொன்னால் உலகம் இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை. அவ்வாறு சொன்னவர் இசாமு நொகுச்சி என்னும் சிற்பி. அவர் ஆக்கிய காகித விளக்குகளுக்கு ‘அக்காரி’ என்று பெயர்.

நொகுச்சி 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பிறந்தவர். தந்தையார் யோனே நொகுச்சி யப்பானியக் கவிஞர். தாயார் லியோனி கில்மோர் அமெரிக்க எழுத்தாளர். குழந்தைப் பருவம் யப்பானிற் கழிந்தது. 13 வயதிலே தன்னந்தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். யப்பானில் அவர் அமெரிக்கர், அமெரிக்காவில் யப்பானியர். இரண்டாம் உலகப் போரின்போது மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தினரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. நியூயோர்க் வாசியாகிய அவரை அக்கட்டளை தொடவில்லை. இருந்தும் 1942இல் அரிசோனாப் பாலைநிலத்து முகாமொன்றுக்குத் தாமாகவே சென்று, அங்குள்ளோருக்குப் பூங்காவும் விளையாட்டிடமும் அமைக்கத் திட்டம் வரைந்தார். திட்டம் நிறைவேறவில்லை. வெளியேற விரும்பியபோது, தாமாக வந்த அவருக்கும் உடனே அனுமதி கிடைக்கவில்லை. அதன் பின்னர், மின்குமிழை உள்ளே மறைத்து, வடிவமே ஒளிரும்படியான சிற்பங்களைச் செய்யலானார்.

1951ஆம் ஆண்டு அவர் ஹிரோஷிமாவுக்குப் புறப்பட்டார். அங்கே சமாதானப் பூங்காவை அடுத்த இரு பாலங்களுக்குக் கைபிடிச் சுவர் வகுப்பது அவர் ஏற்ற பணி. வழியிலே கிபு என்னும் ஊரில் தங்கினார். நாகரா ஆற்றில், இரவிலே தீப்பந்த வெளிச்சத்தில், நீர்க்காகங்களைக் கொண்டு மீன் பிடிக்கும் வழக்கம் அவ்வூரில் உண்டு. காகிதக் கூடு செய்யும் கைத்தொழிலுக்கும் அது பேர்போனது. போருக்குப் பின் நலிந்திருந்த அத்தொழிலுக்கு உதவுமாறு நகரபிதா அவரை வேண்டினார். மெழுகுவர்த்திக்கென ஏற்பட்ட கூட்டினுள் மின்குமிழை வைத்துப் பார்த்தார் நொகுச்சி.

அதனைச் செய்யும் முறை நேயர்கள் அறியத்தக்கது. முதலிலே துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய மர அச்சொன்றைப் பூட்டுவர். மெல்லிய மூங்கிற் கீற்றை அச்சின்மேற் சுற்றிச் சுற்றி வலிப்பர். முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்த யப்பானியத் தாளைப் பட்டிகளாக வெட்டி, அம்மூங்கிலின்மேல் ஒட்டுவர். பசை உலர்ந்ததும் உள்ளேயிருக்கும் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுத்துவிடுவர். எஞ்சுவது தாளும் மூங்கிலுமே. அதனை மடித்துத் தட்டையாக்கித் தபாலிலே அனுப்பலாம். விரித்தால் மீண்டும் விளக்கு. ‘அக்காரி’ என்னும் யப்பானியச் சொல் வெளிச்சத்தைக் குறிப்பது. பாரமின்மை என்ற பொருளையும் நொகுச்சி அதில் வைத்தார். கருங்கல்லோடு மல்லாடியவருக்கு இந்தப் பாரமின்மை எத்துணை கவர்ச்சியாக இருந்திருக்கும்! தாளினூடே வருகையில் மின்னொளியின் கடுமை தணிந்துவிடுகிறது.

பந்து, தூண், பெட்டி, முறுகிய கோபுரம் என நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களை அவர் ஆக்கினார். மலிவான போலிகள் எங்கும் பெருகின. அவரோ, மேலும் மேலும் புதிய வடிவங்களை வகுத்து அவற்றுக்கு விடையளித்தார். கடையில் விலைபோகும் விளக்கைக் கலைக்கூடத்தில் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் இணங்கவில்லை. 1986இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பிலே கலந்துகொள்ளும் பேறு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. கல்லையும் வெண்கலத்தையும் நிரப்பிப் புகழ் தேடியிருக்கலாம். அவர் அக்காரி விளக்குகளைக் கொண்டு போனார். கூடவே பிள்ளைகள் ஏறிச் சறுக்கக்கூடிய பெரிய சலவைக்கற் சறுக்குமரமொன்றும் சென்றது. ‘சிற்பம் என்பது யாது?’ என்பதையே காட்சிக்குத் தலைப்பாக இட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1988ஆம் ஆண்டின் இறுதியில் நொகுச்சி காலமானார். 1985இல் நியூயோர்க்கில் அவரே திறந்துவைத்த அரும்பொருட்சாலையில் அக்காரியைக் கற்சிற்பங்களோடு ஒருங்கே காணலாம். கிபுவிலோ, ஒசெக்கி நிறுவனத்தார் இன்றும் அவற்றைக் கையாலேயே செய்து வருகின்றனர். தாள் கிழிந்துபோனால் புதுக் கூடு வாங்கிப் பழைய காலிலே பொருத்திக்கொள்ளலாம்.