பூசாத சுவர்

மும்பையிலோ தில்லியிலோ பணியாற்றி, சொந்த ஊரில் வீடு கட்டுவதற்கென்று பணம் சேர்த்துவரும் அன்பர்கள் பலர் உளர். அப்பணத்தில் எவ்வளவு வீட்டைத் தாங்குகிறது, எவ்வளவு வீட்டை மூடி மறைக்கிறது என்று நாம் கணக்கிடுவதில்லை. அக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர்.

1917-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், தொழுநோயாளருக்கான பணியை ஏற்று 1945-இல் இந்தியா வந்தார். இமயமலைச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் வாழ்ந்தபின் கேரளம் சேர்ந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை அவர் இறுதிவரை நினைவுகூர்ந்தார்.

ஒப்பனையை நீக்கிப் பொருளை உள்ளவாறே காட்டுவது புதுமைக் கட்டடக்கலையின் கொள்கை. சண்டிகரில் அது கான்கிரீட்டாக எழுந்தது. பேக்கர் கையில் செங்கல்லும் ஓடும் ஆயிற்று.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார். எலிப்பொறிக் கட்டு என்பது அதன் பெயர். செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்றோ வெயிலைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பளு. ஆதலால் அவ்விடத்தில் மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சன்னல்கள் பலவற்றுக்கு ஈடாக, செங்கல்லை இடைவிட்டு அடுக்கிய துளைச் சுவர்களே அமைந்தன. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சட்டங்களினூடே ஒளி கசிவதைக் கண்டோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

உள்ளூரில், 1970-களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் இவையெல்லாம் ஒருங்கே காணலாம். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யாமல், மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு வளைந்து கொடுத்துச் செல்கின்றன அச்சுவர்கள். தம்பானூர் இரயிலடிக்கு அருகே அவர் அமைத்த இந்தியன் காபி ஹவுஸோ படியே இல்லாமல் சுருள் சுருளாக மேலேறும். அச்சரிவின் ஓரமாகவே இருக்கைகள்!

பேக்கர் 2007-இல் மறைந்தார். அவரும் நண்பர்களும் 1985-இல் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. ஆயினும் பூசாத வீட்டைக் கண்டால் உறவினர், "பணம் தீர்ந்துவிட்டதோ?" என்று கேட்பர். இச்சொல்லுக்கு அஞ்சியே பலர் கடன்பட்டுச் சாந்து பூசுகின்றனர். அது வீண் அச்சம் என்பதே நம் கருத்து.

ஒன்று மட்டும் உண்மை. கோணலான செங்கல்லும், விளிம்புக் கட்டில் பழகாத கொத்தனாரும் அமைந்தால் இம்முறை பயன் தராது, பூசியே தீரவேண்டிவரும். ஆகவே, விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் வரைபடம் போடுமுன் முதலில் செங்கற்சூளையைப் பார்த்து வருவது நலம்.