எண்ணுத நாளு பாத்து போட்டீராவே?

திருநெல்வேலி டவுண் தபால் ஆபீஸ் கவுண்டரில் போன மாதம் போஸ்ட் கார்டு பத்து கேட்டேன். எனக்குப் பின்னால் டை கட்டிய இளைஞர் ஒருவர் நின்றார். ஏதோ பைனான்ஸ் கம்பெனி போலிருக்கிறது. "சார், இதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

இருக்கு தம்பி. கார்டு ஐம்பது பைசாதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விலை அசையவில்லை. இன்றைக்கு ஐம்பது பைசாவை நீட்டினால் வாகையடி முக்கில் என்ன கிடைக்கும்? முறைப்பு கிடைக்கும்!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்டு ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க 2016-17 கணக்குப்படி தபால் துறைக்கு ஆன சராசரிச் செலவு சுமார் 12 ரூபாய். அரை ரூபாய் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு ரூபாய்க்கு வேலை! இருக்கட்டும். பன்னிரண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கார்டில் நம்பரும் இல்லை, பார்கோடும் இல்லை. பெட்டியில் விழுந்தது எத்தனை என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாதே?

எதிர்வீட்டு அண்ணாச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அம்புட்டையும் எவன்வே எண்ணுவான்? சில நாளு மட்டும் எண்ணுவோம். கார்டு தனி, இன்லண்டு தனி, கவரு தனி. பொறவு அதை வருஷத்துக்குப் பெருக்கிருவாவ" என்றார்.

அதாவது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முறை தப்பில்லை. உலகம் முழுக்க இப்படித்தான். ஆனால் எந்தச் சோற்றை எடுத்தோம் என்பதில்தான் சூட்சுமம். முன்பெல்லாம் பொங்கல் வந்தால் வாழ்த்து அட்டை மூட்டை மூட்டையாகக் குவியும். அந்த ஒரு வாரத்தை எண்ணி ஐம்பத்திரண்டால் பெருக்கினால், திருநெல்வேலிக்காரன் தினசரி கரும்பு படம் போட்டு வாழ்த்து அனுப்புகிறான் என்றாகிவிடும்! மழை வாரத்தில் எண்ணினால் நம்ம ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவனே இல்லை என்றாகிவிடும்.

இதில் நமக்கு என்ன வந்தது? விலையே வந்தது! போஸ்ட்மேன் பையில் முந்நூறு தபால் இருந்தாலும் முப்பது இருந்தாலும் அவர் சுற்றுகிற ரத வீதி அதேதான், வாங்குகிற சம்பளமும் அதேதான். அந்தச் செலவை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தபாலுக்கு ஆகும் செலவு. நிஜமாக வந்தது முந்நூறு, எண்ணியது நூற்றைம்பது என்றால், பேப்பரில் செலவு இரண்டு மடங்கு. உடனே யாராவது மேஜையைத் தட்டி, "நஷ்டம், கட்டணத்தை ஏற்று" என்பார்.

எண்ணிக்கை விலையை மாற்றிய கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் வந்த 'சுரபி'யை நினைவிருக்கிறதா? வினாடி வினாவுக்கு விடை போட்டு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. பதினைந்து பைசா கார்டில் லாரி லாரியாக விடை வந்தால் துறை என்ன செய்யும்? போட்டிகளுக்கென்றே 'காம்படிஷன் போஸ்ட் கார்டு' என்று தனி ரகம் போட்டு இரண்டு ரூபாய் விலை வைத்தது. அதே சைஸ் கார்டு, அதே போஸ்ட்மேன். மூட்டை கண்ணுக்குத் தெரிந்தது, விலை மாறியது.

ஸ்பீட் போஸ்ட் ஜாதி வேறு. 1986-ல் வந்தது. ஒவ்வொரு கவருக்கும் பதின்மூன்று இலக்க முத்திரை: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்க இரண்டு எழுத்து. ஒன்பதாவது எண் மற்ற எட்டையும் சரிபார்க்கும் காவல்காரன். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். பார்கோடை 'பீப்' என்று காட்டினால் எண்ணிக்கை, எடை, ஊர் எல்லாம் தானாகவே பதிவாகிவிடும். பெருக்கல் வேலையே இல்லை.

அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கே பார்கோடு உண்டு. அங்கே கட்டணத்தை மாற்ற வேண்டுமென்றால், அதற்கென உள்ள ஆணையத்திடம் தபால் துறை கணக்குக் காட்ட வேண்டும். முன்பு ஆள் போய்க் கட்டுக் கட்டாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு, பிரிக்கும் மெஷினில் கடிதம் ஓடும்போதே எடுக்கிற படத்திலிருந்து மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள். மெஷினுக்குள் போகாத தபாலுக்கு அங்கேயும் ஆள்தான்!

நம் பக்கம் இரண்டு மாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்துவிட்டன. 1898-ம் வருஷச் சட்டத்தில் கடிதக் கட்டணத்தின் உச்சவரம்பு அட்டவணையாகவே இருந்தது. அதைத் தாண்ட பார்லிமென்ட் திருத்த வேண்டும். 2024 ஜூன் 18 முதல் புதிய சட்டம். கட்டணத்தைத் துறையின் தலைமை இயக்குநரே விதிமுறை மூலம் வைக்கலாம். அடுத்தது, 2025 செப்டம்பர் 1-ல் ரிஜிஸ்தர் தபால் ஸ்பீட் போஸ்டோடு கலந்துவிட்டது. அக்டோபர் 1-லிருந்து ஸ்பீட் போஸ்டுக்குப் புதுக் கட்டணம்: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47, வரி தனி. இதற்கு முன் மாற்றியது 2012-ல்.

என் கவலை இதுதான். நம்பர் போட்ட தபால் தன் கணக்கைத் தானே சொல்லிக்கொள்ளும். கம்பெனிக்காரன் கவருக்குச் சாட்சி உண்டு. சிவப்புப் பெட்டியில் விழுகிற ஆச்சியின் கார்டுக்கு? யாராவது குனிந்து எண்ணினால்தான் உண்டு. எண்ணாமல் விட்டால், "இந்தப் பெட்டியில் தபாலே விழுறதில்லையே" என்று ஒருநாள் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

பத்து கார்டையும் பத்து சிநேகிதர்களுக்கு எழுதினேன். பின்கோடு மறக்கவில்லை, எங்கள் டவுணுக்கு 627006. அன்று சாயங்காலமே பெட்டியில் போட்டுவிட்டு வந்து அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன்.

வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு அவர் கேட்டார்: "அது சரி, எண்ணுத நாளு பாத்து போட்டீராவே?"