முதுகில் சுமக்கும் விமானம்

வானில் பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. ஆயின், அவ்வாசை நிறைவேற ஓடுபாதையும் விமானக் கொட்டகையும் பெரும்பொருளும் வேண்டும் என்றே பலரும் எண்ணியிருப்பர். ஒருவன் தன் முதுகிலே சுமந்து சென்று, அறுவடை முடிந்த வயலில் நின்று, தன் காலாலேயே ஓடி எழும்பக்கூடிய விமானம் ஒன்று இக்காலத்தில் உண்டு. அதற்குப் பாராமோட்டார் என்று பெயர். வீரமுனையையும் சம்மாந்துறையையும் சூழ்ந்த வயல்வெளியைக் கண்டவர்க்கு, இத்தகைய கருவிக்கு ஏற்ற நிலம் இதுவேயன்றோ என்று தோன்றுதல் இயல்பே. அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் உயிராபத்தாய் முடியும் என்பதையும், இக்கருவியைத் தெரிந்தெடுப்பவர் எவற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

பாராமோட்டாருக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, தலைக்கு மேலே விரியும் துணியிறக்கை. மற்றது, முதுகிலே கட்டும் இயந்திரம். துணியிறக்கையின் முன்விளிம்பு திறந்திருக்கும். அதன் வழியே புகும் காற்று உள்ளறைகளை நிரப்பித் துணியை விறைப்பாக்கி, பறவையின் இறகு போன்ற வடிவத்தை அதற்குத் தருகின்றது. அமெரிக்கராகிய டொமினா ஜால்பேர்ட் 1960களின் நடுப்பகுதியில் இவ்வமைப்புக்கு வழிகாட்டினார். 1978இல் பிரான்சு நாட்டு மியுசி என்னும் ஊரில், பரசூட் வீரர் சிலர் அத்தகைய துணியை விரித்து மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறந்தனர். 1980களில் முதுகிலே மோட்டாரும் சேர்ந்தது. மலை இல்லாதவனும் சமநிலத்திலிருந்து எழும்பலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

இச்சிறு கருவியின் ஆற்றல் சிறிதன்று. 2016ஆம் ஆண்டில் இந்திய விமானப்படையினர் ‘பிரதட்சிணா’ எனப் பெயரிட்ட பயணத்தில், மேற்கு வங்காளத்துக் கலைக்குண்டாவிலிருந்து பாராமோட்டாரில் புறப்பட்டு, இந்தியாவைச் சுற்றி 10,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்தனர். எனினும், அது ஒரே மூச்சிற் பறந்த தூரமன்று; பல கட்டங்களாகச் சென்ற தூரம். ஏனெனில், இக்கருவி தாங்கும் எரிபொருள் பொதுவாக 10 முதல் 15 லீற்றர் வரையே. மணிக்கு 4 லீற்றர் செலவாகுமாயின், 10 லீற்றர் இரண்டரை மணி நேரத்துக்குப் போதும். கூடுதலாக ஊற்றினால் நெடுந்தூரம் போகலாமே எனின், அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் பறப்பவனே. இந்த ஒரு செய்தியில் பாராமோட்டாரின் இலக்கணம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கொடுத்தேயாக வேண்டும். எல்லா நலனும் ஒருங்கே அமைந்த கருவி எங்கும் இல்லை.

முதலில், தள்ளுவிசை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருவரின் எடை 80 கிலோகிராம், எரிபொருளுடன் இயந்திரத்தின் எடை 32, இறக்கையும் தலைக்கவசமும் 8 எனக் கொண்டால் மொத்தம் 120 கிலோகிராம். இயந்திரம் நின்றுவிட்டால் இவ்விறக்கை ஒரு மீற்றர் இறங்கும்போது ஏறத்தாழ 6 மீற்றர் முன்னே செல்லும். ஆகவே, உயரம் குறையாமல் நேராகப் பறப்பதற்கு மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோகிராம் தள்ளுவிசை வேண்டும். அதற்கு மேற்பட்டதே மேலே ஏற்றும். பறக்கும் வேளையில் 50 கிலோகிராம் தள்ளும் சிறிய இயந்திரமானால் மிச்சம் 30. அது மொத்த எடையில் நாலில் ஒன்று. வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் முன்னே செல்பவர் வினாடிக்கு இரண்டரை மீற்றர் மேலே ஏறுவார். 70 கிலோகிராம் தள்ளும் பெரிய இயந்திரமானால் அவ்வேற்றம் 4 மீற்றருக்குச் சற்று மேற்படும்.

இவ்வேறுபாட்டின் பொருள் வயலிலே நின்றால்தான் நன்கு விளங்கும். எல்லையில் 20 மீற்றர் உயரத் தென்னை நிற்கின்றதாக வைத்துக்கொள்வோம். சிறிய இயந்திரத்துக்கு அதன் உச்சியை எட்ட 8 வினாடி வேண்டும். அதற்குள் 80 மீற்றர் முன்னே போய்விடும். பெரியது ஏறத்தாழ 48 மீற்றரில் அவ்வுயரத்தை எட்டும். வெயிற்காலம் இக்கணக்கை இன்னும் இறுக்குகின்றது. 15 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட 35 பாகைக் காற்று ஏறத்தாழ 6 வீதம் அடர்த்தி குறைந்தது. காற்று மெலியும்போது இயந்திரத்தின் வலுவும் தள்ளுவிசையும் குறையும். குளிர்நாட்டு விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணை அம்பாறை மாவட்டத்து வெயிலில் அப்படியே எதிர்பார்த்தல் ஆகாது.

அங்ஙனமாயின் பெரிய இயந்திரத்தையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பெரிய இயந்திரம் சில கிலோகிராம் கூடுதலாக நிறுக்கும், கூடுதலாகக் குடிக்கும். அதனினும் முக்கியமானது முறுக்கம். சுழல்விசிறியை இயந்திரம் ஒரு திசையிற் சுழற்றும்போது, பறப்பவரின் உடலை அது மறுதிசையில் முறுக்கும். எடை குறைந்த ஒருவர் பேரியந்திரத்தைக் கட்டிக்கொண்டு எழும்பிய உடனே முழுவிசையையும் திறப்பாராயின், நிலத்துக்கு அண்மையிலேயே ஒரு பக்கமாய்த் திரும்பிவிடுவார். வலு மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்பது பிழையான எண்ணம். தன் எடைக்கும் தன் வயலுக்கும் வேண்டிய அளவே நல்ல அளவு.

அடுத்தது சுழல்விசிறி. பெரிய விசிறி மிகுந்த காற்றை மெல்லத் தள்ளும். சிறியது குறைந்த காற்றை விரைந்து தள்ளும். முன்னதே சிக்கனமானதும் ஓசை குறைந்ததும் ஆகும். ஆனால், விசிறி பெருத்தால் அதைச் சூழும் கூடும் பெருக்கும். தூக்கி ஓடுவது கடினமாகும். சிறிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் முறை சுழல்வன. 130 சென்ரிமீற்றர் விசிறியை 7,800 முறை சுழலும் தண்டிலே நேரே பூட்டினால், அதன் நுனி வினாடிக்கு 530 மீற்றர் வேகத்திற் செல்ல வேண்டும். அது ஒலியின் வேகத்தினும் மிகுதி. அவ்வேகத்தில் விசிறியால் பயனில்லை, பேரோசையே மிஞ்சும். ஆகையால் இடையிலே பெல்ட் அல்லது பற்சில்லு வைத்து, அச்சுழற்சியை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைப்பர். பெல்ட் அதிர்ச்சியைத் தாங்கும், வயலோரத்திலேயே மாற்றலாம். ஆனால் அதன் இறுக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். பற்சில்லுப் பெட்டிக்கு எண்ணெய் வேண்டும். கெட்டால் திருத்துவது செலவு. ஆயினும், அதனோடு கிளச்சும் அமைந்திருந்தால் இயந்திரம் மெல்ல ஓடும்போது விசிறி சுழலாது நிற்கும். இயக்கும் வேளையில் கை விசிறியிற்பட்டுக் கொடுங்காயம் அடைந்தோர் பலர் என்பதை நினைத்தால் அதன் மதிப்பு விளங்கும்.

இயந்திர வகையிலும் இவ்வாறே. கல்முனைக் கரையோரத்து மீனவர்க்குப் பழக்கமான ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படும் ஈரடிப்பு இயந்திரமே பாராமோட்டாரிற் பெரும்பாலும் பயன்படுவது. பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ஓசையும் புகையும் மிகுதி. எனினும் எடைக்கு ஏற்ற வலுவில் அதனை வெல்வது அரிது. நாலடிப்பு இயந்திரம் சிக்கனமானது, ஓசை குறைந்தது; ஆனால் கனமானது. மின்மோட்டார் புகையின்றி, ஓர் ஆளியைத் தட்டியவுடன் இயங்கும். ஆயின், பெற்றோலின் சக்தியிற் பெரும்பகுதி வெப்பமாய் வீணான பின்னும், ஒரு கிலோகிராம் பெற்றோல் தரும் பயன் அதே எடையுள்ள பற்றரி தருவதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே மின்மோட்டார் குறுகிய நேரப் பறப்புக்கே இன்றளவும் ஏற்றது.

கூட்டின் சட்டம் அலுமினியமாயின் விலை குறைவு, எளிதில் வளையும், எளிதில் ஒட்டலாம். டைட்டேனியம் இலேசும் உறுதியும் உடையது. ஆனால் அதனை ஒட்டும் பட்டறை அருகிற் கிடைப்பது அரிது. காபன் நாரால் ஆனது வளையாது, முறியும். தவறி விழுந்து பழகும் புதியவருக்கு அலுமினியமே தோழன். எதனால் ஆனதாயினும், வலை நெருக்கமாயும் கூடு விறைப்பாயும் இருத்தல் வேண்டும். எடையைக் குறைக்கலாம், விலையைக் குறைக்கலாம். கைக்கும் விசிறிக்கும் இடையே உள்ள காப்பைக் குறைத்தல் கூடாது.

இறக்கையிலும் அவ்வாறே. பெரிய இறக்கை மெல்லப் பறக்கும், மெல்ல இறங்கும். சிறியது விரையும், சிறு பிழைக்கும் கடுந்தண்டனை தரும். புதியவர் அமைதியான இறக்கையையே நாடுதல் வேண்டும்.

இனி, கடலைப் பற்றிய செய்தி. இக்கீழ்க்கரையில் ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் மேற்கிலிருந்து வருவது. நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளுவது. நிந்தவூர்க் கரைக்கு மேலே 100 மீற்றர் உயரத்தில் ஒருவர் பறக்கும்போது இயந்திரம் நின்றுவிடுமாயின், நிலத்தை அடைய அவருக்கு 60 வினாடி அளவே உண்டு. காற்றில்லாத வேளையில் அதற்குள் 600 மீற்றர் செல்லலாம். வினாடிக்கு 7 மீற்றர் கச்சானை எதிர்த்துத் திரும்பினால் 180 மீற்றரே செல்லலாம். கரையிலிருந்து 200 மீற்றர் கடலுக்குள் சென்றவருக்கு மீட்சியில்லை. நீர் மெத்தென்றிருக்கும் என்று எண்ணுதல் தகாது. முதுகிற் கட்டிய இயந்திரம் முகத்தை நீரில் அமிழ்த்தும். துணியும் கயிறுகளும் அலையிற் பட்டு உடலைச் சுற்றும். பாராமோட்டாரில் உயிரிழந்தோரில் நீரில் விழுந்து மூழ்கியோர் பலர். ஆதலால், கரைக்கு அண்மையிற் பறப்பவர், நீர் பட்டவுடன் தானே ஊதிக்கொள்ளும் மிதவையை இயந்திரத்திற் பூட்டுவது இன்றியமையாதது. அதன் சிறு எடையைப் பாரமென்று கழித்தல் பேதைமை.

பறக்க உகந்த வேளை, வெயில் ஏறுமுன் உள்ள காலைப்பொழுதும், வெயில் தணிந்த மாலைப்பொழுதும் ஆகும். நடுப்பகலில் சூடேறிய வயலும் வரம்பும் வீதியும் காற்றைக் குலைக்கும். பறக்குமுன் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் அனுமதி பற்றிக் கேட்டறிதலும் கடமையே.

ஆகவே, தெரிந்தெடுக்கும் முறை யாதெனின், கடையிலிருந்து தொடங்காமல் தன்னிடமிருந்து தொடங்குதல். முதலில் நல்லாசிரியரிடம் பயிற்சி. பின்னர்த் தன் எடை, தன் முதுகின் வலு, தான் ஓடப்போகும் வயலின் நீளம், அங்கு வீசும் காற்று, பழுதானால் திருத்தித் தருவார் இருக்கும் தூரம் என்னும் இவற்றைக் கணக்கிடுதல். அதன் பின்னரே இறக்கையும் இயந்திரமும். பயிற்சி, கூடு, மிதவை ஆகிய மூன்றிலும் பேரம் பேசுதல் கூடாது. ஏனையவற்றில் ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கொள்வது அவரவர் தேவையைப் பொறுத்தது. வாங்கும் பணம் போதாதவர் சிறிய இயந்திரத்தை வாங்கலாம், பழைய இயந்திரத்தையும் ஆராய்ந்து வாங்கலாம். பயிற்சிக்குரிய பணத்தை எடுத்து இயந்திரத்துக்குச் சேர்ப்பவர் மட்டும் வானுக்கு எழும்பாமல் நிலத்திலேயே நிற்பது நன்று.