ஆடி அமாவாசையில் சூரிய கிரகணம்... வெல்டிங் கண்ணாடியை நம்பாதீர்கள்!

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஆடி மாத அமாவாசை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். ஷிப்ட் பஸ்கள் சாலையை நிறைக்கும் நேரம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் ஏரிக்கரையிலிருந்து திரும்பும் நேரம். அந்த நேரத்தில், மாலை 4 மணி வாக்கில், மேற்கே சாயும் சூரியனின் ஓரத்தைச் சந்திரன் மறைக்கத் தொடங்கும். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன்பே கிரகணம் விலகிவிடும்.

இது நமக்குப் பகுதி கிரகணம்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சூரியனின் பாதிக்கும் குறைவான பகுதியே மறையும். ஓரத்தில் கடித்துவைத்த அப்பளம் போலச் சூரியன் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மறையும். அதே நாளில் ஸ்பெயின், எகிப்து, சவூதி அரேபியா போன்ற நாடுகளில் முழு கிரகணம். எகிப்தின் லக்சர் நகரை ஒட்டி 6 நிமிடங்களுக்கு மேல் பகல் இருளாகும்.

எப்படி நடக்கிறது?

சூரியனின் விட்டம் சந்திரனைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. ஆனால், சூரியன் இருக்கும் தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வரும்போது அதன் நிழல் பூமியில் விழுகிறது. அடர்நிழல் விழும் குறுகிய பட்டையில் முழு கிரகணம். அதைச் சுற்றி விழும் மங்கல் நிழலில் பகுதி கிரகணம். விளக்குக்கு முன் கையை நீட்டினால், சுவரில் நடுவே கருமையும் ஓரத்தில் மங்கலும் தெரிவது போலத்தான்.

அப்படியானால் அமாவாசைதோறும் கிரகணம் வர வேண்டாமா? வராது. சந்திரனின் பாதை, பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சாய்த்துவைத்த இரண்டு வளையங்கள் போல, இரு பாதைகளும் இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. பஞ்சாங்கத்தில் வரும் ராகு, கேது என்பவை அந்த இரண்டு புள்ளிகள்தான். அமாவாசையன்று சந்திரன் அந்தப் புள்ளிக்கு அருகில் இருந்தால் மட்டுமே கிரகணம். அந்த அமைப்பு 18 ஆண்டுகள் 11 நாள்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். 2009 ஜூலை 22 அன்று சூரத், பாட்னா பகுதிகளில் முழுமையாகத் தெரிந்த கிரகணத்தின் அடுத்த சுற்றுதான் இது.

சந்திரன் சற்றுத் தள்ளியிருந்தால் சூரியனை முழுக்க மூட முடியாமல் வளையம் மிஞ்சும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை பகுதிகளில் தெரிந்தது அதுதான்.

கண் பத்திரம்!

இந்தப் பகுதியில் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. கண்ணாடியும் சுலபமாகக் கிடைக்கும். ஆபத்தே அங்குதான். பட்டறைகளில் வழக்கமாகப் புழங்கும் 10, 11 எண் கண்ணாடிகள் சூரியனைப் பார்க்கப் போதாது. 14 ஆம் எண் கண்ணாடிதான் வேண்டும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாணம் கரைத்த தண்ணீர் எதுவுமே பாதுகாப்பில்லை. விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகே பாதிப்பு புரியும். ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் குறியீடு உள்ள, கீறல் விழாத கிரகணக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம்.

செலவில்லாத வழி வீட்டுச் சல்லடைதான். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சல்லடையின் நிழலை மேற்கு பார்த்த வெள்ளைச் சுவரில் விழச் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டிச் சூரியனைக் காட்டும். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது.

வாசகர் கேள்விகள்

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். விழுவது நிழல்; அதில் விஷம் எதுவும் இல்லை. பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் கெடுதல்.

கறந்த பாலைக் கொட்ட வேண்டுமா?

வேண்டாம். வழக்கம்போல் கறந்து சொசைட்டிக்கு ஊற்றலாம்.

சோலார் பம்ப் ஓடுமா?

மாலை வெயில் ஏற்கெனவே தணிந்திருக்கும். கிரகணத்தால் நீர்வரத்து இன்னும் கொஞ்சம் குறையலாம். அன்று காலையிலேயே பாய்ச்சி முடித்துவிடுவது நல்லது. பயிருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை; மேகம் மூடிய மாலை போன்றதுதான்.

உலக்கை நிற்கிறதே, அது எப்படி?

அடி தட்டையாக இருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். சந்தேகம் இருந்தால் நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.