விக்டோரியா தெருவின் பழைய கான்வென்ட்

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். விக்டோரியா தெருவைக் கடக்கும்போது, வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இன்று அதன் பெயர் சைம்ஸ். உணவகங்களும் கல்யாண வரவேற்புகளும் நடக்கிற வளாகம். 1983 வரை அது கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி.

அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் கோல்மன் 1840-41இல் கால்டுவெல் என்ற நீதிமன்ற எழுத்தருக்குக் கட்டிக்கொடுத்த வீடுதான் இதன் தொடக்கம். பிரெஞ்சுப் பாதிரியார் பெரெல் அதை வாங்கிவைத்தார். 1854இல் கப்பலில் வந்திறங்கிய நான்கு கன்னியர் சில நாட்களிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் தெருவோரச் சிறு கதவருகே விட்டுப்போன குழந்தைகளையும் அவர்களே எடுத்து வளர்த்தார்கள். 'நம்பிக்கை வாயில்' எனப்படும் அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. வளாகத்திலேயே மனதை அதிகம் உலுக்குவது அதுதான்.

அழகைப் பார்க்க வேண்டுமென்றால் சிற்றாலயத்துக்குள் போக வேண்டும். பாதிரியார் சார்ல்ஸ் நேன் வடிவமைத்த இந்தக் கோதிக் பாணிக் கட்டடம் 1904இல் முடிந்தது. தூண்களிலும் அரைத்தூண்களிலும் 648 தலைப்பகுதிகள். ஒவ்வொன்றிலும் வெப்பமண்டலச் செடிகளும் பறவைகளும் வெவ்வேறு வடிவில். கோயில் போதிகைகளைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு நாள் போதாது.

வண்ணக் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்து ஜூல்ஸ் டோபெலேர் செய்தவை. கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்துச் செய்யும் வேலை இது. காலப்போக்கில் ஈயம் தளர்ந்து பலகம் புடைக்கும், மழைநீர் இறங்கும். பிறகு முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, புது ஈயத்தில் மறுபடி கோக்க வேண்டும்.

1983இல் பள்ளி தோ பாயோ பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1990இல் கால்டுவெல் இல்லமும் சிற்றாலயமும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் டிடியே ரெபெலின் துணையோடு சீரமைக்கப்பட்ட வளாகம் 1996இல் திறக்கப்பட்டது; 2002இல் யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்தது. ஜெபம் ஒலித்த இடத்தில் விருந்தா என்று முன்னாள் மாணவியர் வருந்தினால் அது நியாயமே. ஆனாலும் பூட்டிக் கிடந்திருந்தால் கூரை என்றோ இறங்கியிருக்கும்.

பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பது நமக்கும் பழக்கம்தான். தொண்டைமான் அரண்மனையில்தான் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. ராயவரம், அரிமளம் பகுதியின் செட்டிநாட்டு வீடுகளுக்கும் அப்படி வழி பிறக்க வேண்டும். அதற்குமுன் ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் விரிசலில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுற்றியுள்ள காரையும் உதிரும். பழுது பார்ப்பதும் சுண்ணாம்பால்தான். அந்தக் கலவை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.